சும்மா இருந்த நேரத்தில் வரைந்தவை

1801ஆம் ஆண்டு மே 24ஆம் நாள். ஒட்டப்பிடாரத்தை அடுத்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை கும்பினிப் படையிடம் இரண்டாம் முறையாக வீழ்ந்தது. தப்பி ஓடியவர்களில் பலர் வெட்டவெளியில் வெட்டுண்டு கிடந்தார்கள். பொழுது சாய்ந்ததும் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் சிலர் தங்கள் வீட்டு ஆண்களைத் தேடி வந்தார்கள். ஒருத்தி தன் மகனைக் கண்டுபிடித்துவிட்டாள். அவனுக்கு இன்னும் உயிர் இருந்தது. ஆனால் அவன், என்னை விட்டுவிடு அம்மா, பக்கத்தில் சாமி கிடக்கிறார், அவரைக் காப்பாற்று என்றான். சாமி என்று அவன் சொன்னது கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையை.

அந்தத் தாய் மகனை விட்டுவிட்டு ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போனாள். தேடிக்கொண்டு எட்டயபுரத்து ஆட்கள் வந்தபோது, பெண்கள் அவர் உடம்பை வெள்ளைத் துணியால் மூடி, சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். அம்மை கண்டு பையன் செத்துப்போனான் என்றார்கள். அம்மை என்ற சொல்லைக் கேட்டதும் வந்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள். ஊமைத்துரை பிழைத்து, மருது சகோதரர்களுடன் சேர்ந்து மேலும் சில மாதங்கள் போரிட்டார். அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பரில் ஊமைத்துரையும் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார்.

ஒரு போரின் போக்கையே சில மாதங்களுக்கு நீட்டிவைத்தது ஒரு பெண்ணின் முடிவும் ஒரு பொய் ஒப்பாரியும். அவள் பெயர் பதிவில் இல்லை. மகன் பெயரும் இல்லை.

இந்தக் கதை நமக்கு எப்படி வந்தது என்று பார்ப்போம். அந்த முற்றுகையில் எதிர்ப்பக்கம் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பினிப் படை அதிகாரி எழுதிவைத்தார். 1881இல் கால்டுவெல் தமது திருநெல்வேலிச் சரித்திரத்தில் வெல்ஷை எடுத்தாண்டார். அங்கிருந்து அது நம் பாடப்புத்தகங்களுக்கும் மேடைப் பேச்சுகளுக்கும் வந்து சேர்ந்தது.

வெல்ஷுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. அவர் படம் வரைவார்.

சிப்பாயின் ஓய்வு நேரம்

வெல்ஷ் ஓவியர் அல்லர். சம்பளம் வாங்கியது போரிடுவதற்கு. கூடாரம் போட்ட இடங்களில், அணிவகுப்புகளுக்கு இடையில், கிடைத்த பொழுதில் கண்ணில் பட்டதை வரைந்தார், நாட்குறிப்பு எழுதினார். ஏறக்குறைய 40 ஆண்டு நாட்குறிப்பிலிருந்து தொகுத்த அவருடைய படைத்துறை நினைவுகள் 1830இல் லண்டனில் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. தொண்ணூறுக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன என்பதைத் தலைப்புப் பக்கமே பெருமையாக அறிவித்தது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. புகைப்படம் வராத காலம் அது. ஒரு மலையின் சரிவு, ஒரு கோட்டையின் வாசல், ஒரு ஆற்றின் வளைவு இவற்றைக் காகிதத்தில் கொண்டுவரத் தெரிந்த அதிகாரி படைக்குப் பயன்பட்டார். 1809இல் கும்பினி அடிஸ்கோம்பில் தொடங்கிய படைப்பள்ளியில் ஓவியம் ஒரு பாடமாகவே இருந்தது. ஆணுக்கு ஓவியம் தொழிலுக்கு உதவும் திறமை. அவன் ஓய்வு நேரத்தில் வரைந்தாலும் அந்த ஓய்வின் பலன் அரசுக்கும் அச்சகத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

அதனால்தான் இன்று வெல்ஷை நாம் பொழுதுபோக்குக்காரர் என்று சொல்வதில்லை. சாட்சி என்கிறோம், மூலம் என்கிறோம். சின்ன மருது தமக்கு ஈட்டி வீசவும் வளரி எறியவும் கற்றுக்கொடுத்தார் என்று அவர் எழுதியதை, மருதுவைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். எதிரியின் எழுத்து என்பதால் அதைத் தள்ளிவிடவில்லை. அது சரிதான். ஆனால் அதே ஆண்டில் அதே கடற்கரையின் வடக்கே வந்திறங்கிய இன்னும் இரண்டு பேர் ஏன் அந்தச் சாட்சிக் கூண்டுக்குள் வரவில்லை?

இரண்டு சகோதரிகள்

பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்து இரண்டு மாதம்கூட முழுதாக முடியவில்லை. 1801 ஜூலையில் மதராசுக்கு ஒரு கப்பல் வந்தது. அன்று மதராசில் துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவிலேயே நங்கூரம் போடும். பயணிகள் மசுலாப் படகில் அலை தாண்டிக் கரை சேர வேண்டும். அப்படி வந்து இறங்கியவர்களில் ஹென்றி குவில்லிம் என்பவர் புதிதாக ஏற்படுத்தப்பட்ட மதராஸ் சுப்ரீம் கோர்ட்டின் நீதிபதிகளில் ஒருவர். உடன் வந்தவர்கள் அவர் மனைவி எலிசபெத், எலிசபெத்தின் தங்கை மேரி சைமண்ட்ஸ்.

சகோதரிகள் இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட் ஊர்க்காரர்கள், கட்டடக் கலைஞர் ஒருவரின் மகள்கள். மதராசில் இருந்த ஆண்டுகள் முழுவதும் இருவரும் வரைந்தார்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் கூலி தரவில்லை. அக்காவுக்குப் பறவைகள். தங்கைக்கு வீடுகள், கடற்கரை, மனிதர்கள், மீன்கள், ஊரின் அன்றாடம். கையாண்டது பெரும்பாலும் நீர்வண்ணம். தாய்க்கும் ஊரில் இருந்த இன்னொரு சகோதரிக்கும் நீளநீளமாகக் கடிதங்களும் எழுதினார்கள். என்ன சாப்பிட்டோம், துணி என்ன விலை, வேலையாட்கள் என்ன செய்கிறார்கள், தோட்டத்தில் என்ன முளைத்தது என்பதில் தொடங்கி 1806 வேலூர்ப் புரட்சி வரை அந்தக் கடிதங்களில் இருக்கிறது. நான்கு தொகுதிகளாக அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன.

எலிசபெத் தெலுங்கு கற்றார். தரங்கம்பாடியிலிருந்து மதராசுக்கு வந்த ஜெர்மானிய மிஷனரியும் தாவரவியலாளருமான ராட்லருடன் செடிகொடிகளைப் படித்தார். ஒரு செடியினத்துக்கு அவர் நினைவாகக் குவில்லிமியா என்று பெயர் வைக்கப்பட்டது. அந்த இனம் பிறகு மக்னோலியாவுக்குள் சேர்ந்துவிட்டாலும், மக்னோலியாவின் ஒரு பிரிவுக்கு அந்தப் பெயர் இன்றும் வழங்குகிறது. ஒன்றைக் கவனியுங்கள். அறிவியல் அவருக்குத் தந்த கௌரவத்திலும் இருப்பது கணவர் வீட்டுப் பெயர்தான்.

1807 டிசம்பர் 21 அன்று எலிசபெத் மதராசிலேயே இறந்தார். கோட்டையில் உள்ள புனித மேரி தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். ஊர்க்காவல் ஏற்பாடு தொடர்பாக ஆளுநர் பெண்டிங்குடன் மோதிய ஹென்றி திரும்ப அழைக்கப்பட்டார். மேரியும் ஊர் திரும்பினார்.

அதன் பிறகு நூறாண்டுக்கு மேல் மௌனம். 1924இல் கேசி வுட் என்ற கண் மருத்துவர், பறவை நூல்கள் சேர்ப்பதில் பித்துக்கொண்டவர், லண்டனில் ஒரு வியாபாரியிடம் ஒரு கட்டு ஓவியங்களைக் கண்டெடுத்தார். 121 பறவைகள், அவற்றுடன் மீன்களும் மலர்களும். அவற்றை மாண்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்துக்கு வாங்கிச் சேர்த்தார். மேரி வரைந்த மதராஸ் காட்சிகளில் எழுபதுக்கும் மேல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் தெற்காசியக் கலைப்பொருள் சேகரிப்பு ஒன்றில் இருக்கின்றன. கடிதம் லண்டனில், அக்காவின் படம் கனடாவில், தங்கையின் படம் நாரிச்சில். ஒரே வீட்டில், ஒரே மேசையில் பிறந்த காகிதங்கள் இப்படி மூன்று திசையில் போய்விட்டன. இவற்றை ஒன்றாக வைத்துப் படித்த ஆய்வாளர்களின் கட்டுரைத் தொகுப்பு 2023இல்தான் மெக்கில்-குவீன்ஸ் பல்கலைக்கழக அச்சகத்திலிருந்து வந்தது.

வெல்ஷின் நாட்குறிப்பு அவர் வாழும்போதே புத்தகமாயிற்று. எலிசபெத்தின் பறவைகள் காத்துக்கிடந்தன. அவர் பெரும்பாலும் பறவைகளை அவற்றின் இயல்பான அளவிலேயே வரைந்தார். இயல்பான அளவில் பறவைகளை வரைந்ததற்காக உலகம் கொண்டாடுகிற ஆடுபனின் அமெரிக்கப் பறவைகள் வெளிவரத் தொடங்கியது 1827இல். மதராசில் எலிசபெத் தூரிகையைக் கீழே வைத்து அப்போது இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஏன் ஓய்வு நேரம், ஏன் நீர்வண்ணம்

அந்தப் பெண்கள் ஓவியத்தை ஏன் தொழிலாக எடுத்துக்கொள்ளவில்லை என்று மாணவிகள் கேட்பது உண்டு. கதவு எங்கே இருந்தது என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

லண்டன் ராயல் அகாடமி 1768இல் தொடங்கியபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்: ஆஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர். சில ஆண்டுகளில் ஸோஃபனி என்ற ஓவியர் உறுப்பினர்களில் பெரும்பாலோரை ஒரே படத்தில் வரைந்தார். ஆண்கள் எல்லோரும் கூடத்தில் நின்று நிர்வாண மாதிரி ஆடவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பெண்களும் சுவரில் தொங்கும் இரண்டு உருவப்படங்களாக இருக்கிறார்கள். உடம்பைப் பார்த்து வரையும் வகுப்புக்குள் பெண் வரக்கூடாது, ஆகவே கூடத்தில் நிற்கவும் இடமில்லை. அகாடமியின் பள்ளியில் ஒரு பெண் மாணவி சேர முடிந்தது 1860இல். காஃப்மனுக்கும் மோசருக்கும் பிறகு முழு உறுப்பினராக ஒரு பெண், லாரா நைட், தேர்ந்தெடுக்கப்பட்டது 1936இல்.

கதவு அடைத்திருந்தாலும் வீட்டுக்குள் வரைவதற்குத் தடையில்லை. பார்க்கப்போனால் அது வரவேற்கப்பட்டது. பியானோ, ஃபிரெஞ்சு, பூத்தையல், நீர்வண்ணம் இவையெல்லாம் நல்ல குடும்பத்துப் பெண்ணின் லட்சணங்கள். எண்ணெய் வண்ணத்துக்குத் தனி அறை வேண்டும், அது காய நாளாகும், வாடை அடிக்கும். நீர்வண்ணம் அப்படியல்ல. 1780களில் ரீவ்ஸ் என்ற லண்டன் வணிகர் குடும்பம் வண்ணத்தைச் சிறு கட்டிகளாக்கி விற்கத் தொடங்கியிருந்தது. ஒரு பெட்டி, ஒரு கோப்பைத் தண்ணீர், ஒரு தாள் போதும். விருந்தாளி வந்தால் மூடிவைத்துவிட்டு எழுந்து போகலாம். இடையில் எழுந்து போக முடிகிற வேலைதான் பெண்ணுக்கு அனுமதிக்கப்பட்ட வேலை. இது இன்றைக்கும் நமக்குப் புரியாததல்ல.

அதே மதராசுக்கு 1802இன் இறுதியில் ஜார்ஜ் சின்னரி வந்தார். தொழில்முறை ஓவியர். மேல்தட்டு ஆங்கிலேயர்களின் உருவங்களைக் கூலிக்கு வரைந்தார், கடற்கரை மனிதர்களையும் வரைந்தார். ஐந்தாண்டுக்குள் வங்காளம் போய், பின்பு சீனா போய், கலை வரலாற்றில் தமக்கென ஒரு இடம் பிடித்தார். மேரி நடந்த கடற்கரையும் சின்னரி நடந்த கடற்கரையும் ஒன்றுதான், காலமும் ஒன்றுதான். ஒருவர் வரைந்தது கலை, இன்னொருவர் வரைந்தது பொழுதுபோக்கு.

என் ஆச்சி நினைவுக்கு வருகிறாள். உடன்குடிப் பக்கம். குருத்தோலையில் சிவப்பும் பச்சையும் சாயம் ஏற்றிக் கொட்டான் முடைவாள், கடகம் முடைவாள், மூடியுள்ள சிறு பெட்டிகள் முடைவாள். மூடியில் நட்சத்திரம் விழும், சில சமயம் ஒரு மீன் விழும். கல்யாணத்துக்கு, திருவிழாவுக்கு, அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும் போகும். யாராவது பாராட்டினால் ஒரே பதில்தான்: சும்மாதான இருக்கேன், அதான் முடஞ்சேன். விடியலில் எழுந்து பத்துப் பேருக்குச் சமைத்து, ஆடு மாடு பார்த்து, தண்ணீர் சுமந்தவள் தன்னைப் பற்றிச் சொன்னது சும்மா இருக்கிறேன் என்று. பெண் செய்வதற்குக் கூலி இல்லையென்றால் அதன் பெயர் சும்மா. ஹெரிஃபோர்டின் சகோதரிகளையும் உடன்குடியின் ஆச்சியையும் அந்த ஒரு சொல் தொட்டுச் செல்கிறது.

ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் நாம் பாதி உண்மையைத்தான் சொன்னவர்களாவோம்.

பறவையைப் பிடித்திருந்த கை

எலிசபெத் பறவைகளை உயிரோடு வைத்து வரைந்தார். அந்தத் தொல்லையைச் சகோதரிகளின் கடிதம் ஒன்று சிரிப்பு வரும்படி சொல்கிறது: பறவை முறைக்கிறது, உதைக்கிறது, கொத்துகிறது, ஏதாவது குறும்பு செய்து பதற வைக்கிறது. சில சமயம் அது சோர்ந்துபோனது போலத் தோன்றி, செத்துவிடுமோ என்ற பயமும் வந்துவிடுகிறது.

இந்த இடத்தில் நாம் ஓவியத்தை விட்டுச் சற்று விலகி, மேசையைச் சுற்றி என்ன நடந்திருக்கும் என்று பார்க்க வேண்டும். உதைக்கிற பறவை தானாக மேசைக்கு வரவில்லை. ஏரிக்கரையில் கண்ணி வைத்துப் பிடிக்கத் தெரிந்த உள்ளூர்க்காரர் கொண்டுவந்தார். எந்தப் பறவை எந்தப் பருவத்தில் எங்கே இறங்கும், எதைத் தின்னும், அதற்கு என்ன பெயர் என்பது அவருக்குத் தெரியும். எலிசபெத்தின் அறிவியலில் ஒரு பங்கு அவருடையது. இறக்கை அடங்கிப் பறவை நிற்க வேண்டுமானால் ஒரு கை அதைப் பிடித்திருக்கவும் வேண்டும். படத்தில் பறவை இருக்கிறது, கை இல்லை.

மேரியின் மீன்களும் அப்படித்தான். மீன் செத்ததும் நிறம் மங்கத் தொடங்கிவிடும் என்பது கடற்கரையில் பிறந்த எவளுக்கும் தெரியும். பச்சை மீனை நிறம் போவதற்குள் வரைய வேண்டுமானால், விடியலில் கட்டுமரம் கரையேறியதும் ஒரு ஆள் அதை வீட்டுக்கு ஓடிக் கொண்டுவந்திருக்க வேண்டும். அந்த ஓட்டமும் படத்தில் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, நேரம். அந்தக் காலத்து மதராசில் ஒரு ஆங்கில நீதிபதியின் வீடு என்றால் துபாஷ், சமையல்காரர், ஆயா, தண்ணீர் எடுப்பவர், வண்ணார், தோட்டக்காரர், பெருக்குகிறவர், பல்லக்குத் தூக்குபவர் என்று ஒரு சிற்றூரே வேலை செய்யும். ஹெரிஃபோர்டில் ஒரு பெண் தானே செய்ய வேண்டியிருந்த எத்தனையோ வேலைகளை இங்கே வேறு கைகள் செய்தன. சகோதரிகளுக்குக் கிடைத்த காலைப்பொழுது அப்படி உண்டானது. ஓய்வு நேரம் வானத்திலிருந்து விழுவதில்லை. ஒருவரின் ஓய்வு இன்னொருவரின் வேலை.

ஆகவே மூன்று நிலைகள் இருக்கின்றன. வெல்ஷின் ஓய்வு வரலாறு ஆயிற்று. எலிசபெத், மேரியின் ஓய்வு பொழுதுபோக்கு என்று பெட்டிக்குள் போய், நூறாண்டு கழித்து வெளியே வந்தது. அவர்கள் வரைவதற்குத் தண்ணீர் எடுத்துவைத்த பெண்ணுக்கு ஓய்வே இல்லை, பெட்டியும் இல்லை. அவள் அந்த வீட்டில் வாழ்ந்தாள் என்பதற்கு மிஞ்சியது மற்றவர்கள் வரைந்ததும் எழுதியதும்தான்.

முதல் அநீதியைச் சொல்லும்போது இரண்டாவதை மறைத்துவிடக் கூடாது. மறைக்கப்பட்ட பெண் ஓவியர்கள் என்ற தலைப்பில் உலகம் முழுக்க இன்று புத்தகங்களும் கண்காட்சிகளும் வருகின்றன. வரட்டும். ஆனால் எலிசபெத் மறைக்கப்பட்ட விதமும், பாஞ்சாலங்குறிச்சியில் மகனை விட்டுவந்த தாய் மறைக்கப்பட்ட விதமும் ஒன்றல்ல. எலிசபெத் எழுதினார், கையெழுத்திட்டார், கப்பலில் அனுப்பினார். ஒரு நாள் யாராவது கண்டெடுக்க வழி இருந்தது. தாயிடம் இருந்தது ஒப்பாரி மட்டும். அதை எழுதியவன் எதிரிப் படையில் இருந்தான்.

அதற்காக அந்த ஓவியங்களைத் தூக்கியெறிய வேண்டும் என்பதில்லை. ஆள்பவர்களின் காகிதம் என்று தள்ளிவிட்டால், நம் ஊர்த் தெருவில் 1803இல் எந்த மரம் நின்றது, பெண்கள் சேலையை எப்படிக் கட்டினார்கள், குடத்தை இடுப்பில் வைத்தார்களா தலையில் வைத்தார்களா என்று தெரிந்துகொள்ள வேறு சன்னல்கள் மிகக் குறைவு. அரசாங்க ஆவணம் வரியையும் வழக்கையும்தான் எழுதும். வீட்டுப் பெண்ணின் கடிதமும் நீர்வண்ணமும் அடுப்பையும் துணியையும் பார்க்கும். பார்ப்பவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்பதை மட்டும் மறக்காமல் பார்க்க வேண்டும். ஒரு பழைய ஓவியத்தின் முன் நிற்கும் மாணவி மூன்று கேள்வி கேட்கலாம். இதை வரைந்தவளுக்கு நேரம் எங்கிருந்து வந்தது? இதில் உள்ளவரின் பெயர் ஏன் எழுதப்படவில்லை? சட்டத்துக்கு வெளியே யாருடைய கை இருக்கிறது?

முத்துக்கரையின் கணக்கு

தூத்துக்குடிக் கரைக்குத் திரும்புகிறேன். இந்தக் கேள்விகள் இங்கே இன்னும் கூர்மையாகின்றன.

மன்னார் வளைகுடாவின் முத்துச் சிலாபத்தைப் பற்றி எழுதாத ஐரோப்பியர் குறைவு. கொழும்பில் பாதிரியாராக இருந்த ஜேம்ஸ் கார்டினர் 1807இல் வெளியிட்ட இலங்கை நூலில், தாமே வரைந்த படங்களோடு, முத்துக்குளிப்பையும் விவரித்தார். அவரும் வெல்ஷைப் போல வேறு வேலைக்கு நடுவே வரைந்தவர்தான். 1825இல் தூத்துக்குடி டச்சுக்காரர்களிடமிருந்து முடிவாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1890இல் எட்கர் தர்ஸ்டனும் 1905இல் ஜேம்ஸ் ஹார்னெலும் முத்துப் பார்களைப் பற்றி அறிக்கை எழுதினார்கள். எத்தனை படகு, எத்தனை குளியாளி, எத்தனை சிப்பி, எவ்வளவு வருவாய் என்பதுதான் அந்தக் கணக்கின் தலைப்புகள். கல்லைக் காலில் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் ஆழத்துக்குப் போகிற ஆண் எல்லோருடைய கண்ணையும் இழுத்தான். பரதவ ஆண், காயல்பட்டினத்து, கீழக்கரை முஸ்லிம் ஆண். அவன் உடம்பை எழுதினார்கள், வரைந்தார்கள், பின்னாளில் புகைப்படம் எடுத்தார்கள்.

சிலாபம் ஆண்டுதோறும் வராது. சிப்பி விளையாவிட்டால் பல ஆண்டுகள் கூடத் தள்ளிப்போகும். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். சிலாபம் இல்லாத அந்த நீண்ட ஆண்டுகளில் உலை எப்படிக் கொதித்தது? கருவாடு காயவைத்தவள், கூடையில் மீன் சுமந்து உள்ளூருக்கு விற்கப் போனவள், அடகு வைத்தவள், கடனைப் பேசித் தவணை வாங்கியவள், அவளால் கொதித்தது. கயிற்றின் மேல்முனையைப் படகில் பிடித்திருந்தவனைக் கணக்கு எழுதுகிறது. கரையில் குடும்பத்தைப் பிடித்திருந்தவளுக்கு அதில் தலைப்பு இல்லை.

இன்றைக்கும் இந்தக் கரையைப் படம் எடுக்க வருகிறவர்கள் நிறைய. உப்பளம் படத்துக்கு அழகாக விழும். வெள்ளைக் குவியல், நீலவானம், நடுவே நிறச்சேலையில் ஒரு பெண். வெயில் உப்பில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசவைப்பதும், உப்புத்தண்ணீரில் நின்று பாதம் வெடிப்பதும் படத்தில் விழாது. படத்துக்குக் கீழே இடத்தின் பெயர் இருக்கும், எடுத்தவர் பெயர் இருக்கும். அந்தப் பெண்ணின் பெயர் பெரும்பாலும் இருக்காது. 1801க்கும் இன்றைக்கும் நடுவில் தாள் மாறியிருக்கிறது, கருவி மாறியிருக்கிறது. பெயர் கேட்காத பழக்கம் மாறவில்லை.

பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் அரசு ஒரு நினைவுக் கோட்டை கட்டியது. பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்துக்கொண்டு போகிறோம். அங்கே போகிறபோது கட்டபொம்மனைச் சொல்லுங்கள், ஊமைத்துரையைச் சொல்லுங்கள். கோட்டைக்கு வெளியே, வெட்டவெளியில், மகனின் தலையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எழுந்த அந்தத் தாயையும் சொல்லுங்கள். வெல்ஷ் வரைந்த படங்களில் அவளைத் தேட வேண்டாம். அவள் சும்மா இருந்தவள் இல்லை என்பதைச் சொன்னால் போதும்.

ஆச்சி முடைந்த பெட்டி ஒன்று என்னிடம் இருக்கிறது. சாயம் மங்கிவிட்டது. மூடியில் மீன் இன்னும் தெரிகிறது. இத்தனை நாள் அதில் ஊசியும் நூலும் போட்டுவைத்திருந்தேன். இந்தக் கட்டுரை எழுதும்போதுதான் தோன்றியது. பெட்டியின் அடியில் ஒரு தாள் ஒட்டி, அவள் பெயரையும் ஊரையும் எழுதி வைத்தேன்.